சூப்பில் கரைந்த பூ

மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி நடத்துகிறவன் சீனப் பீங்கான் சேர்க்கிறான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். மண்டியில் ஏலம் கேட்க வருகிறவர்கள் என் காதுபடவே சிரித்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நானும் அப்படி ஒரு ஆசை எனக்கு வரும் என்று நினைத்தவன் இல்லை.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு நான் காய்கறி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பம் பங்களாவை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கட்டிலையும் பீரோவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை மூலையில் வெங்காயம் போட்டு வைத்திருந்த ஒரு பெரிய பீங்கான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீள்வட்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் பிடி. பிடிகள் முயல் தலை வடிவத்தில் இருந்தன. மேலே குடை கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. வெள்ளை உடம்பெல்லாம் ரோஸ் நிறப் பூக்கள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். அடியில் தனியாக ஒரு சின்னப் பூங்கொத்து வரைந்திருந்தது. சூப்பைக் குடித்து முடித்தால்தான் கண்ணில் படும்.

அதற்கு டூரீன் என்று பெயர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் மேஜையில் சூப் பரிமாறுவதற்காகச் சீனாவில் செய்து, கப்பலில் ஏற்றி அனுப்பியது. வயது இருநூறுக்கு மேல். அதற்குப் பின் கொச்சியில் நீலப் பூப் போட்ட ஒன்று கிடைத்தது. காரைக்குடியில் மூடி இல்லாத ஒன்று. என் மனைவி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தாள்: தொட்டி.

"தொட்டிய நீங்களே கழுவுங்க. நான் கை வெச்சு உடைஞ்சா எனக்கு வேண்டாம் அந்தப் பொல்லாப்பு" என்பாள்.

நானேதான் கழுவினேன். ஏனென்றால் நான் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற ஆள் இல்லை. சூப் ஊற்றுவதற்குச் செய்த பாத்திரத்தில் சூப் ஊற்ற வேண்டும் என்பது என் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப், மழை நாளில் கொள்ளுத் தண்ணி, எல்லாம் அதில்தான். மூடியைத் தூக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் அந்த நிமிஷத்தை என்னோடு சேர்ந்து ரசித்த முதல் ஆள் மருமகள். நல்லம்பள்ளிப் பெண். என் மகனும் அவளும் ஓசூரில் வேலை பார்க்கிறார்கள். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவள் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். தினமும் போய்வந்து களைத்துப்போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இன்னிக்குத் தொட்டியில என்ன?" என்று கேட்பாள்.

அவள் உண்டானபோது தக்காளி விலை விழுந்து கிடந்தது. மண்டியில் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவளுக்கோ எது சாப்பிட்டாலும் வாந்தி. சோற்று வாசனையே ஆகவில்லை. தக்காளி சூப் மட்டும் வயிற்றில் நின்றது. நன்றாகப் பழுத்த தக்காளி, இரண்டு சின்ன வெங்காயம், மிளகு. என் மனைவி அரைத்து வடிகட்டிக் கொதிக்க வைப்பாள். நான் அதை ரோஸ் பூப் போட்ட டூரீனில் ஊற்றி மூடி வைப்பேன். சூடு ஆறாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஊற்றிவிடுவேன். எவர்சில்வர் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும், பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வேன். மாசக்கணக்கில் இது நடந்தது. வாந்தி நின்ற பிறகும் அவளுக்கு அந்தப் புளிப்பு வேண்டியிருந்தது.

ஆறாம் மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். உடைந்த பீங்கானை ஒட்டுவது அவருடைய தொழில். சில வருஷத்துக்கு முன் இதே டூரீனின் முயல் தலைப் பிடி ஒன்று விட்டுப்போனபோது அவர்தான் ஒட்டிக் கொடுத்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். மருமகள் மேஜையில் உட்கார்ந்து கிண்ணத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். டூரீன் காலியாகியிருந்தது.

அந்த அம்மா பிடியைத் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். விரலால் அடியைத் தொட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், இதுல என்ன ஊத்துறீங்க?"

"சூப்புதான். தக்காளி சூப்."

"தினமுமா?"

"ஆமாங்க. ஏன்?"

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து வெகுநேரம் தள்ளித் தள்ளித் தேடினார். ஒட்டுவதற்கு முன் எடுத்த பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். டூரீனின் உட்பக்கம். அடியில் பூங்கொத்து. இதழின் ஓரத்துக் கறுப்புக் கோடு கூடத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு டூரீனைச் சாய்த்துக் காட்டினார். அதே இடத்தில் ஒரு மங்கலான கறை இருந்தது. ஒரு இலை மட்டும் மிச்சம். ரோஸ் நிறம் சுத்தமாக இல்லை.

பூ வெளுத்துக்கொண்டு வருவதை நான் கவனிக்காமல் இல்லை. தினம் கழுவுகிறவன் நான். நார் போட்டுத் தேய்ப்பதால் போகிறது என்று நினைத்து, அப்புறம் வெறும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலத்து ரோஸ் சாயத்துல காரீயம் கலந்திருக்கும், சார். லெட். பளபளப்புக்கு மேல வரைஞ்சு திரும்பச் சுட்டது. புளிப்புப் பட்டா கரையும். அலமாரியில வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் பெரியதல்ல.

மருமகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சத்தமே வரவில்லை. அவ்வளவு மெதுவாக வைத்தாள்.

"கரைஞ்சது எல்லாம் சூப்புலதானே வந்திருக்கும்?" என்று கேட்டாள். அந்த அம்மாவைத்தான் கேட்டாள்.

அந்த அம்மா அப்போதுதான் அவள் வயிற்றைப் பார்த்தார். "எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதும்மா. டாக்டரைக் கேளுங்க. இன்னிக்கே கேளுங்க."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, மருமகள் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி சிங்க்கில் கவிழ்த்தாள். மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்ன ஆச்சு?" என்றான். அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நாங்க குழந்தைக்குன்னு மாத்திரையக் கூடப் பார்த்துப் பார்த்து வாங்கறோம்ப்பா. உங்க ஆசைக்கு எங்க புள்ளைதான் கெடச்சுதா?" என்றான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் தர்மபுரியில் அவள் வழக்கமாகப் பார்க்கும் லேடி டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. மண்டியில் ஏலம் கூவும்போது கேட்ட விலை ஒன்று, என் வாயிலிருந்து வந்த விலை வேறொன்று. கணக்குப் பார்க்கிறவர் இரண்டு தடவை என் தோளைத் தட்டினார். பெட்டியில் கிடக்கும் தக்காளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டில் மருமகள் எப்போதும் போல வேலைக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, "மாமா, நீங்க சாப்பிடாம இருந்தா என் ரத்தத்துல இருக்கறது ஒண்ணும் கொறையப் போறதில்ல" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

டாக்டர் போனில் சொன்னது: "பயப்படற அளவு இல்ல. ஆனா சும்மா விடற அளவும் இல்ல." ரத்தத்தில் காரீயம் இருக்கக்கூடாத எல்லையைத் தாண்டி இருந்தது. அம்மாவின் உடம்பில் இருப்பது குழந்தைக்கும் போகும். எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துங்கள், கால்சியமும் இரும்புச்சத்தும் விடாமல் கொடுங்கள், ஒரு மாசம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார்.

அன்றைக்கு மதியமே நல்லம்பள்ளியிலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். கணவர் தவறிய பிறகு தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரே பெண்ணைப் படிக்க வைத்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. கூடத்து மேஜையில் இருந்த டூரீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுதானா?"

"ஆமாம்மா."

"யாரோ செத்துப்போன வெள்ளைக்காரன் சாப்பிட்ட பாத்திரம். அதுல எம்பொண்ணுக்கு ஊத்திக் குடுத்திருக்கீங்க."

என் மனைவி, "தெரிஞ்சா செய்வமா அண்ணி?" என்றாள்.

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு நான் சொல்லலீங்க. ஆனா இனிமே அவ இங்க இருக்க வேண்டாம். வளைகாப்புக்கு அப்புறம் கூட்டிட்டுப் போறதுதான் மொறை. நான் மொறையப் பார்க்கப் போறதில்ல. எங்க வூட்டுல அவளுக்குக் கையால மிளகு ரசம் வெச்சு ஒரு வாய்ச் சோறு போடறேன். உடம்பு தானா சரியாயிடும்."

மருமகள் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள். கார் கதவை மூடும் முன் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். நான் டூரீன்களை எடுத்துத் தக்காளிப் பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி, மண்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். மேஜையில் அவை இருந்த இடத்தில் துணியில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. மனைவி அந்தத் துணியையும் மாற்றிவிட்டாள்.

அந்த ஒரு மாசம் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் மகன் நல்லம்பள்ளிக்குப் போய்விடுவான். திரும்பி வந்து அவன் அம்மாவிடம் சொல்வதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொள்வேன். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறதாம். சம்பந்தியம்மா தினமும் ரசம் வைத்துக் கொடுக்கிறாராம். அவளுக்கு எப்படியாவது புளிப்பு வேண்டுமே என்று என் மனைவி சிரிப்பாள். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவது பரிசோதனை முடிவு வந்த அன்று நான் மண்டியில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குப் போயிருக்க வேண்டிய மகன் பெட்டிகளுக்கு நடுவே என்னைத் தேடிக்கொண்டு வந்தான். பல நாள் கழித்து நேராக என் முகத்தைப் பார்த்தான்.

"ஏறியிருக்குப்பா."

"என்னது?"

"கொறையல. முன்ன இருந்ததைவிட ஏறியிருக்கு. டாக்டர் உடனே வரச் சொல்றாங்க. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்னு சொல்றாங்க."

பக்கத்திலிருந்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு மாசம் ஆகிறது. டூரீன் பரணில் கிடக்கிறது. அப்படியானால் இது டூரீனிலிருந்து மட்டும் வந்தது அல்ல. இதை நினைத்ததும் என் நெஞ்சில் ஒரு இலேசான நிம்மதி வந்தது. அது வந்ததுமே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அங்கே அவள் வயிற்றில் குழந்தைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே நான் பழி நீங்கியதற்கு மூச்சு விடுகிறேன்.

மகன் போனை என் கையில் கொடுத்தான். மறுமுனையில் மருமகள்.

"மாமா, அம்மா தோட்டத்துக்குப் போயிருக்காங்க. அதான் இப்பப் பேசறேன்." குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்தேன். தண்ணி நான் சின்ன வயசுலேர்ந்து குடிச்ச அதே தண்ணி. மஞ்சள் எங்க தோட்டத்துது, கலப்படம் இருக்காது. புதுசா ஒண்ணே ஒண்ணுதான். அம்மா ஈயச்சொம்புல ரசம் வெக்கறாங்க. எனக்காகன்னே வாங்கினாங்க. போன்ல ஏதோ வீடியோ பார்த்துட்டு, அதுல வெச்சாத்தான் சத்துன்னு."

ஈயச்சொம்பு என்றால் வெள்ளீயத்தில் செய்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் அதில் ரசம் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுத்தமான வெள்ளீயம் என்றால் கெடுதல் இல்லை. காரீயம் கலந்து விற்றால் வெளியே தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

"அம்மாகிட்டச் சொன்னியாம்மா?"

"எப்பிடி மாமா சொல்வேன்? உங்க வூட்டுல வந்து அவ்வளவு பேசிட்டு வந்திருக்காங்க. நான் சொன்னா ஒடைஞ்சு போயிடுவாங்க. நீங்க வாங்க மாமா."

"நானா? நான் வந்தா வேற மாதிரி ஆயிடுமே கண்ணு."

"உங்களுக்குத்தான் தெரியும் அது எப்பிடி இருக்கும்னு" என்றாள்.

நான் பரணில் ஏறி, ரோஸ் பூ டூரீனின் மூடியை மட்டும் எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டேன். எதற்கு என்று மகன் கேட்டான். சொம்பை மட்டும் கையில் எடுத்தால் குற்றம் சாட்டப் போன மாதிரி ஆகிவிடும் என்றேன். அவன் காரை எடுத்தான். அதியமான்கோட்டைக்குப் பக்கம் வந்து நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது, "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றான். "வண்டிய ஓட்டு" என்றேன்.

நாங்கள் போய் இறங்கியபோது சம்பந்தியம்மா தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். முடிவு ஏறியிருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் பெண்ணுக்குச் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

"உங்க தொட்டியில குடிச்சது எலும்புல தங்கியிருக்கும். அதான் இப்ப வெளிய வருது" என்றார் எடுத்தவுடனே.

"இருக்கலாம்மா. நான் இல்லேன்னு சொல்லல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அதற்குள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த மருமகள் எழுந்து வாசலுக்கு வந்தாள். "அம்மா, அந்த ரசச் சொம்பைக் குடும்மா. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "ஓ. உங்க பாத்திரத்துக்குப் பதிலா எம் பாத்திரமா? பழி மாத்தத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"மாமாவை நான்தாம்மா வரச் சொன்னேன்."

"நீ பேசாதே." அவர் கத்தினார். கத்திவிட்டுப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். உடனே குரல் இறங்கிவிட்டது. "நான் வெஷத்தையா குடுப்பேன்? தஞ்சாவூருக்காரங்க தலைமுறை தலைமுறையா வெக்கறாங்க. கடைக்காரன் சுத்தமான ஈயம்னு சத்தியம் பண்ணான்."

நான் துண்டைப் பிரித்து மூடியை வெளியே எடுத்தேன். "இதையும் சேர்த்துத்தாம்மா பார்க்கப் போறேன். தர்மபுரியில எனக்குத் தெரிஞ்ச நகைக்கடை ஒண்ணு இருக்கு. தங்கத்துல என்ன கலந்திருக்குன்னு பார்க்கற மெஷின் வெச்சிருக்காங்க. எந்த உலோகம் இருந்தாலும் காட்டும். ரெண்டையும் வெச்சுப் பார்த்துடலாம்."

அவர் அடுப்படிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் சொம்பு இருந்தது. ஓரத்தில் ரசம் பொங்கி வழிந்த தடம் இருந்தது. "நானும் வர்றேன். எனக்குத் தெரியாம மாத்தி வெச்சுட்டா?" என்றார். அந்த வார்த்தை என்னைத் தைத்தது. ஆனால் நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். காரின் பின் சீட்டில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முன் சீட்டில் நான் மூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியில் பின்னால் பார்த்தான், பக்கவாட்டில் என்னைப் பார்த்தான்.

நகைக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு எங்களை உள் அறைக்குக் கூட்டிப் போனார். மேஜை மேல் ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் கம்ப்யூட்டர். முதலில் சொம்பை வைக்கப் பார்த்தார். மெஷின் பெட்டியின் கதவு சாத்த முடியவில்லை. சாய்த்து, திருப்பி, கடைசியில் சொம்பின் விளிம்பு மட்டும் மெஷினுக்கு நேராக வருகிற மாதிரி வைத்தார். கம்ப்யூட்டரில் கோடுகள் எழும்பின. அவர் முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெள்ளீயம் இருக்கு" என்றார்.

சம்பந்தியம்மா மூச்சு விட்டார்.

"ஆனா காரீயமும் இருக்குங்க. கொஞ்சமில்ல. நெறையவே இருக்கு."

நகைக்கடைக்காரர் தப்பாக இருக்கக்கூடாது என்று இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் அதுதான் வந்தது. நான் மூடியை நீட்டினேன். பூ வரைந்த இடத்தை வைத்துப் பார்த்தார்.

"இதுலயும் காரீயம் இருக்குண்ணா. பூ இருக்கற எடத்துல. வெள்ளையில ஒண்ணும் காட்டல."

சம்பந்தியம்மா மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டையும் பார்த்தார். சொம்பின் மேல் கை வைக்கப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இதை எதுக்குண்ணா எடுத்துட்டு வந்தீங்க?" என்றார். மூடியைத்தான் கேட்டார். அண்ணா என்று கூப்பிட்டதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன்.

"ரெண்டும் ஒரே மேஜையில இருக்கட்டும்னுதாம்மா."

அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை சத்தமில்லாமல் வந்தது. "காலைல ஒரு தடவ, ராத்திரிக்கு ஒரு தடவ. நல்லாப் புளி கரைச்சு ஊத்தினேன். வேண்டாம்னாலும் விடல. இன்னும் ஒரு டம்ளர் குடின்னு நின்னேன்" என்றார். மருமகள் குனிய முடியாமல் குனிந்து அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம். சொம்பைப் பற்றிச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். காரணம் கிடைத்துவிட்டது பாதி நிம்மதி என்றார். மருந்து எதுவும் புதிதாக வேண்டாம், இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் மெல்ல இறங்கும், ஆனால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார். குழந்தைக்கு என்ன ஆகும் என்று மகன் கேட்டான். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

நல்லம்பள்ளி வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா சொம்பைத் துவைக்கிற கல்லில் வைத்துக் கடப்பாரையால் அடித்தார். ஈயம் மெத்தென்று இருக்கும். உடையவில்லை. மடங்கி மடங்கி உள்ளே போனது. ஏரியில் போடப்போகிறேன் என்றார். யாராவது எடுத்து நேராக்கிப் புழங்குவார்கள் என்று நான் தடுத்தேன். நகைக்கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். ரோஸ் பூ டூரீனை மூடியோடு பெங்களூர் அம்மாவிடம் கொடுத்தேன். அலமாரிக்கு மட்டும், சாப்பாட்டுக்கு இல்லை என்று உள்ளே ஒரு சீட்டு ஒட்டி, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். உடைத்துப்போடுவேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகள்தான் வேண்டாம் என்றாள். நீலப் பூப் போட்டதில் சாயம் பளபளப்புக்கு அடியில் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று அந்த அம்மா சொன்னார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அதில் தண்ணீர் ஊற்றக்கூட எனக்குக் கை வரவில்லை.

மருமகள் நல்லம்பள்ளியிலேயே இருந்தாள். நான் அடிக்கடி போய்வந்தேன். சம்பந்தியம்மா புது எவர்சில்வர் பாத்திரத்தில் சமைத்தார். வாங்கும்போது கடையில் அதையும் சோதிக்கச் சொல்லிச் சண்டை போட்டாராம். அடுத்த பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறை ரத்தம் எடுத்து அனுப்பிய பிறகும் இரண்டு வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்காது. போன் அடித்தால் எடுக்கிற தைரியம் யாருக்கும் இருக்காது. கடைசியில் அவளே எடுத்துப் பேசி, "எறங்கியிருக்கு" என்று எங்களுக்குச் சொல்வாள்.

பெண் குழந்தை. தர்மபுரி ஆஸ்பத்திரியில் பிறந்தது. அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் சம்பந்தியம்மாவும் பெஞ்சில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று இருந்தது. குழந்தையின் ரத்தத்தையும் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அது வருவதற்குள் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது, பால் குடித்தது, ஒரு விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியின் பலத்தை நான் தினமும் சோதித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் சம்பந்தியம்மாவும் அதையே செய்துகொண்டிருந்தார் என்று மருமகள் பின்னால் சொன்னாள்.

டாக்டர் நேரிலேயே வந்து சொன்னார். குழந்தைக்கு இருப்பது எல்லைக்குள்தான், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் வளர வளரக் கவனித்துக்கொண்டிருங்கள் என்றார். மகன் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். என் மனைவி எல்லோருக்கும் காபி வாங்கி வரக் கிளம்பினாள். சம்பந்தியம்மா பெஞ்சில் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, கொழந்தைக்குப் பால் புகட்டற சங்கு வெள்ளியில எடுக்கலாம்னு இருந்தேன்."

"நானும் ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேம்மா. பழைய சங்கு. ஓசூர்ல."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வேண்டாம்" என்றார் அவர்.

"வேண்டாம்" என்றேன் நானும்.

உள்ளேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். குழந்தை முழித்துக்கொண்டிருக்கிறது, யாராவது வந்து தூக்குங்கள் என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். நான் அவரை முன்னால் போகச் சொன்னேன்.